வரம்பில் ஒரு கதிரை

ஆசுப்பத்திரியில் கிடந்த நாட்களை நினைத்து யாராவது ஏங்குவார்களா? நான் ஏங்குகிறேன். இது அம்மாவுக்குத் தெரிந்தால் அகப்பைக்காம்பு என் முதுகைத் தேடி வரும். அந்த நாட்களில் நானாவது கட்டிலில் கிடந்தேன். அவர் பக்கத்தில் ஒரு முக்காலியில் குந்தியபடியே விடியவிடிய விழித்திருந்தார்.

எனக்கு இந்த நோய்வருத்தம் எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. என்னைப்போல வீட்டிலிருந்து கணினியில் உழைக்கிற பிள்ளைகளும் இப்போது எங்கள் பக்கம் கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு வன்னியில், முரசுமோட்டையில். அப்பா நெல் விதைக்கிறவர், நான் மென்பொருள் விற்கிறவள். நிறுவனம் கொழும்பில் இருக்கிறது. அதன் வாசற்படியை நான் இன்றுவரை மிதித்ததில்லை. அவுஸ்திரேலியாவில் உள்ள பல் வைத்தியர்கள், முடி வெட்டுகிறவர்கள், முதுகு பிடித்துவிடுகிறவர்கள் ஆகியோருக்கு, வாடிக்கையாளர் நேரம் பதிகிற ஒரு செயலியைத் தொலைபேசியில் பேசி விற்க வேண்டும். அங்கே கடை திறக்கிற நேரம் இங்கே கோழிகூட எழும்பியிருக்காது. எங்கள் குழுவில் இருக்கிற எல்லோருடைய பெயரும் திரையில் ஓர் அட்டவணையாக ஓடும். விற்றவர்கள் மேலே பச்சையில், விற்காதவர்கள் கீழே சிவப்பில். யாராவது ஒன்றை விற்று முடித்தால் கணினிக்குள் மணி ஒன்று அடிக்கும். அந்த மணி எனக்கு அடித்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். பக்கத்துப் பெயருக்கு அடித்தால் வயிறு எரியும். இரண்டு கிழமை தொடர்ந்து சிவப்பில் கிடந்தால் குழுத்தலைவர் அஸ்லம் "ஒரு சின்னக் கதை இருக்கு" என்று கூப்பிடுவார். அந்தச் சின்னக் கதைக்குப் பிறகு வேலையை விட்டுப் போனவர்கள் உண்டு.

இதற்கெல்லாம் முதலில் சிக்னல் வேண்டுமே. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே ஒரு கோடுதான் வரும், அதுவும் வந்து வந்து போகும். வாடிக்கையாளர் "சரி, வாங்குகிறேன்" என்று சொல்ல வாயெடுக்கும்போது இணைப்பு அறுந்த கொடுமை எனக்கு ஒருமுறை நடந்தது. அன்று நான் அழுததைப் பார்த்த அப்பா, போனைக் கையில் பிடித்துக்கொண்டு வளவெல்லாம் நடந்தார். வேலியைத் தாண்டி வயல் வரம்பில் நின்று "பிள்ளை, இஞ்ச எல்லாக் கோடும் நிக்குது!" என்று கத்தினார். அன்று பின்னேரமே ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுபோய் வரம்பில் போட்டு, வெயிலுக்கும் மழைக்கும் ஒரு பெரிய குடையை அதில் கட்டிவிட்டார். அதுதான் என் அலுவலகம்.

அந்த அலுவலகம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது வெட்கமில்லாமல் சொல்லலாம். விடியமுன் போய் இருப்பேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் சலசலக்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வேன். மடியில் லப்டொப், காதில் ஹெட்செட். தவளைகள் கத்துகிற கத்தலில் அவுஸ்திரேலியாக்காரர்கள் "அது என்ன சத்தம்?" என்று கேட்பார்கள். "எங்கள் அலுவலக வாத்தியக்குழு" என்பேன். சிரித்தவன் பாதி வாங்கிவிட்டான் என்று எனக்குத் தெரியும். பேச்சு சூடுபிடித்தால் எழும்பி நடப்பேன், வரம்பிலிருந்து வயலுக்குள் இறங்கி, முழங்கால் அளவு சேற்றில் நின்றுகூட விலை பேசியிருக்கிறேன். காலில் புல் கீறிய கீறல்கள் எப்போதும் இருந்தன. யார் அதையெல்லாம் பார்த்தது?

விதைப்புத் தொடங்கிய நேரம் பி.எச்.ஐ. ஐயா வீட்டுக்கு வந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத்தான் ஊரில் அப்படிச் சொல்வோம். எலிக்காய்ச்சல் வராமல் இருக்க, வயலில் இறங்குகிறவர்களுக்குக் கிழமைக்கு ஒரு தடவை குடிக்கிற குளிசை கொண்டுவந்திருந்தார்.

"இந்த வீட்டில வயலுக்கு இறங்கிறது எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"நான் ஒராள்தான் ஐயா" என்றார் அப்பா.

அப்போது நான் கிணற்றடியில் காலிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டு நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார், ஐயாவும் பார்த்தார், அம்மா இருவருக்கும் பிளேன்ரீ கொண்டு வந்தார். எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. வயலுக்கு இறங்குவது என்றால் விதைக்க, களை பிடுங்க, மருந்தடிக்க. படித்த பிள்ளை போன் கதைப்பது அதில் சேருமா?

காலாண்டு முடிகிற கிழமையில் காய்ச்சல் வந்தது. அந்தக் கிழமையில் எல்லோருக்கும் தலையிடிக்கும், எல்லோருக்கும் கண் சிவக்கும். கமராவில் என் முகத்தைப் பார்த்த அஸ்லம், "என்ன, கண்ணெல்லாம் சிவந்திருக்கு? நித்திரை இல்லையா?" என்று கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாடுபடுகிறேன் என்று அவருக்குத் தெரியட்டும். பனடோலைப் போட்டுப் போட்டுக் கதைத்தேன். கெண்டைக்கால் இரண்டும் யாரோ அடித்துப்போட்டதுபோல நொந்தன. ஒருநாள் விடிய, கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. தேடி வந்த அம்மா தூக்கிவிடக் காலைப் பிடித்தார். நான் போட்ட சத்தத்தில் தவளைகளே கத்துவதை நிறுத்திவிட்டன. அடுத்த வீட்டு வான் வண்டியைப் பிடித்து, அம்மாவும் அப்பாவும் என்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே பதிகிற இடத்தில் தொழில் என்ன என்று கேட்டார்கள். "சொஃப்ட்வெயர் சேல்ஸ்" என்றேன். அப்பா வானை ஓரமாக விடச் சொல்லப் போயிருந்தார், அம்மா சுடுதண்ணீர்ப் போத்தல் வாங்கப் போயிருந்தார். கட்டிலில் ஏற்றியதும் ஓர் இளம் டொக்டர் வந்து கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமத்தினார்.

"வயலுக்கு, சேத்துக்கு இறங்கினனீங்களோ?"

"இல்லை டொக்டர். நான் ஒன்லைன்ல வேலை செய்யிறனான்."

கேட்கவேண்டிய கேள்வியை அவர் கேட்டார். நான் பொய் சொல்லவும் இல்லை. சத்தியமாக அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அது டெங்கு பரவிய காலம். இரத்தத்தில் சிறுதட்டுக்கள் குறைந்திருந்தன. காயம் பட்டால் இரத்தத்தை உறையவைப்பது அவைதான். டெங்கில் அவை கடகடவென்று இறங்கும். ஆகவே என்னையும் நுளம்பு வலைக்குள் போட்டு, குடிக்கிற தண்ணீரையும் போகிற சிறுநீரையும் அளக்கத் தொடங்கினார்கள். டெங்குச் சோதனை இல்லை என்று வந்தது. காய்ச்சலோ நின்றபாடில்லை. கண் மஞ்சளாகத் தொடங்கியது. கிரியற்றினின் என்று ஒன்றை இரத்தத்தில் பார்த்தார்கள். சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவு அது. அது இரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்கிறது என்று அர்த்தம். எனக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் மணியக்கா இருந்தார். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். இரணைமடுப் பக்கம் குடியிருப்பு, ஆடும் இரண்டு பசுவும் வைத்திருந்தார். மூச்சுத்திணறலுக்கு வந்து படுத்தவருக்கு மூச்சைத் தவிர மற்ற எல்லாம் தாராளம். என் கட்டிலின் கீழே இருந்த சிறுநீர் அளவுச் சாடியை நேர்ஸ் எடுத்துப் பார்க்கிறபோதெல்லாம், "என்னா புள்ள, இன்னைக்கு எவ்வளவு கறந்த?" என்று கேட்பார். சிரித்தால் கால் நோகும். சிரிக்காமலும் இருக்க முடியாது.

என் போன் தலையணைக்குக் கீழே அடித்துக்கொண்டே இருந்தது. அஸ்லம்தான். முதல்நாள் "உடம்பைப் பாருங்க" என்றவர், அடுத்தநாள் "அந்தப் பல் வைத்தியர் கடைசியா என்ன சொன்னார்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய தலைக்குமேலும் ஓர் அட்டவணை ஓடுகிறது.

"யாரு இந்தப் பையன்? மணிக்கொருக்கா கூப்புடுறானே, மாப்புள்ளையா?" என்றார் மணியக்கா.

"மாப்பிள்ளை எண்டால் ஒரு இளநியோட எண்டாலும் வந்திருப்பான்" என்றார் அம்மா.

அன்று காலை டொக்டர்கள் வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். எதிர்க் கட்டிலில் நின்றார்கள். போன் மறுபடி அடித்தது. நான் கையை நீட்டமுன் அம்மா அதைப் பறித்தார். மூன்று நாள் நித்திரையில்லாத கோபம் முழுவதையும் அதற்குள் கொட்டினார்.

"தம்பி, நான் அவவின்ர தாய் கதைக்கிறன். உங்களுக்கு இரக்கமெண்டு ஒண்டு இல்லையோ? விடியமுன்னம் எழும்பி, தண்ணிக்கையும் சேத்துக்கையும் காலை விட்டுக்கொண்டு நாள் முழுக்க உங்கட வேலையைத்தானே அவள் செய்தவள்! வயலுக்கை நிண்டு நிண்டு கால் முழுக்கப் புண். இப்ப எழும்ப ஏலாமக் கிடக்கிறாள், இன்னும் என்ன வேணும்?"

எதிர்க் கட்டிலில் நின்ற இளம் டொக்டர் திரும்பினார். நேரே எங்களிடம் வந்தார்.

"அம்மா, எந்த வயல்?"

"எங்கட வயல்தான் டொக்டர். வீட்டில சிக்னல் இல்லை. இவள் வரம்பில இருந்துதான் கதைக்கிறவள்."

டொக்டர் என்னைப் பார்த்தார். "ஒன்லைன் வேலை எண்டனீங்கள்?"

"ஓம் டொக்டர்" என்றேன். "வயலுக்கை இருந்துதான் ஒன்லைன்."

அவர் போர்வையை விலக்கி என் காலைப் பார்த்தார். கீறல்கள் அப்படியே இருந்தன. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கிற கிருமி, இப்படிப்பட்ட சின்னக் கீறல் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது என்று விளக்கினார். சிவந்த கண், நொந்த கெண்டைக்கால், மஞ்சள், சிறுநீரகம் எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றன. எலிக்காய்ச்சல். உறுதிப்படுத்துகிற இரத்தப் பரிசோதனை வர நாளாகும், அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று அந்த நேரமே பெனிசிலின் ஊசியைத் தொடங்கச் சொன்னார். அம்மாவின் கையில் போன் இன்னும் இருந்தது. அஸ்லம் இணைப்பில்தான் இருந்தார். "ஆன்ட்டி, நான் அப்புறம் எடுக்கிறேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வைத்தார். அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. டார்கெட் கேட்டு எடுத்த ஒரு போன்தான் என்னைக் காப்பாற்றியது என்று நான் சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார். தன் வாய்தான் காப்பாற்றியது என்பார். அதுவும் சரிதான்.

ஆனால் மருந்து தொடங்கிவிட்டதற்காகச் சிறுநீரகம் உடனே விழித்துக்கொள்ளாதே. சாடி காய்ந்து கிடந்தது. அடுத்தநாளும் சிறுநீர் போகாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டிவரும் என்றார் டொக்டர். "பயப்பிடாதேங்கோ, இது கன பேருக்குத் தற்காலிகமாத்தான் இருக்கும்" என்றும் சொன்னார். என் காதில் முதல் பாதிதான் விழுந்தது. பூவரசங்குளத்தில் என் பெரியப்பா இருந்தார். அவருக்கும் சிறுநீரகம்தான். கிழமைதோறும் வவுனியாவுக்குப் போய் அந்த இயந்திரத்தில் படுத்துவிட்டு, பிழிந்த துணிபோல வருவார். ஒரு மிடறு தண்ணீருக்குப் பெரியம்மாவிடம் கெஞ்சுவார். அப்படியே இரண்டு வருடம் இருந்து போய்ச் சேர்ந்தார். எனக்கு இருபத்தாறு வயது. நான் பயந்தேன். வேலை போய்விடுமோ என்று இத்தனை மாதம் பயந்தது ஒரு பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பெண்கள் வார்டில் அப்பாவுக்கு இடமில்லை. பகலெல்லாம் வெளியே மர நிழலில் இருந்துவிட்டு, பார்க்க விடுகிற நேரத்தில் செவ்விளநீரோடு வருவார். சிறுநீரகம் சரியில்லாதபோது இளநீர் கூடாது என்று நேர்ஸ் சொல்லியும் அடுத்தநாள் இன்னொன்று வரும். வெறுங்கையோடு வர அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் மணியக்காதான் குடித்தார். அன்று அப்பா இளநீரைக் கீழே வைத்துவிட்டு என் கால்மாட்டில் நின்றார்.

"கதிரையைக் கொண்டுபோய் அங்க போட்டது நான்தானே பிள்ளை" என்றபடி கண்ணைத் துடைத்தார்.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில்கூட அவர் அழவில்லை என்று அம்மா சொல்வார்.

"கதிரை போடாட்டில் நான் நிண்டுகொண்டெல்லோ கதைச்சிருப்பன், அப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் காலைத் தொடப் போனவர், நோகும் என்று நினைத்தோ என்னவோ, கட்டில் சட்டத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அன்று மாலை நான் மணியக்காவுக்கு என் வேலையைப் பற்றிச் சொன்னேன். பயத்தில் ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பச்சை, சிவப்பு, அந்த மணி, எல்லாம் சொன்னேன்.

"அப்ப ஒரு யாவாரம் முடிஞ்சா மணி அடிப்பானுகளா?"

"ஓம்."

"நல்ல வேலைதான். எங்க மாடு கறக்குறப்ப ஒருத்தனும் மணி அடிச்சதில்ல."

மறுநாள் காலை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிற கதை தொடங்கியிருந்த நேரம், எனக்கு அடிவயிறு முட்டியது. அம்மா திரைச்சீலையை இழுத்துவிட்டு, பாத்திரத்தைக் கொண்டுவந்து, என்னைத் தாங்கிப் பிடித்தார். வந்தது. கொஞ்சமாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அம்மா அதைச் சாடியில் ஊற்றி வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். கோயிலில் தீர்த்தச் செம்பைக்கூட அவர் அவ்வளவு பக்தியோடு பிடித்து நான் கண்டதில்லை. நேர்ஸைத் தேடி வெறுங்காலோடு ஓடினார்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "என்னா புள்ள, கறந்தியா?"

"ஓம் அக்கா" என்றேன்.

ணங், ணங், ணங் என்று சத்தம் கேட்டது. மணியக்கா கரண்டியால் எவர்சில்வர் டம்ளரில் அடித்தார். மூச்சு வாங்க வாங்க, நேர்ஸ் வந்து அதட்டும்வரை அடித்தார். நான் பாத்திரத்தின்மேல் இருந்தபடியே விக்கி விக்கி அழுதேன். எத்தனையோ தடவை எனக்காக மணி அடித்திருக்கிறது. அதுபோல ஒன்று அடித்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் நான் ஏங்கி நினைக்கிறேன். சாடி நிறைய நிறைய வந்தது. கிரியற்றினின் இறங்கியது. யாழ்ப்பாணத்துக்குப் போகத் தேவையில்லை என்றார்கள். ஆசுப்பத்திரியில் ஒன்றுக்கும் காசு கேட்கவில்லை. வானும் வெளியில் செய்த ஒரு சோதனையும்தான் செலவு. அதற்கு அப்பா விதைநெல்லில் கைவைத்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறுமணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி. இடையில் ஒரு வேலையும் இல்லை. என்னிடம் யாரும் எதையும் விற்கச் சொல்லவில்லை. ஒரு வாய் சோறு கூடச் சாப்பிட்டால் மூன்று பேர் பாராட்டினார்கள். அம்மா என் தலையைப் பிரித்துப் பேன் பார்த்தார். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவருடைய மடியில் அவ்வளவு நேரம் தலைவைத்ததில்லை. மணியக்கா தன் ஆடுகள் ஒவ்வொன்றின் குணத்தையும் விவரித்தார். கடைசியில் வந்த செவ்விளநீரை நேர்ஸ் என்னையே குடிக்கச் சொன்னபோது, மணியக்கா உண்மையாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் வேலையைத் தொடங்கினேன். அஸ்லம் என் பெயரை அட்டவணையிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார். மேலே யாரிடமோ சண்டைபிடித்துத்தான் வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்பா நீளமான குழாய் ஒன்றை நட்டு, கூரைக்குமேலே அன்ரெனா ஏற்றினார். இப்போது அறைக்குள்ளேயே எல்லாக் கோடும் நிற்கிறது. வரம்பிலிருந்த கதிரையை அம்மா தானே தூக்கிவந்து குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். "இனி அந்தப் பக்கம் காலை வைச்சியோ தெரியும்" என்பது உத்தரவு.

அறைக்குள் எல்லாம் வசதி. மின்விசிறி சுற்றுகிறது, கதவைச் சாத்தலாம். ஆனால் தவளை இல்லை. "உங்கள் வாத்தியக்குழு எங்கே?" என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மணி அடிக்கிறது, எனக்கு டம்ளர்ச் சத்தம்தான் கேட்கிறது.

ஆகவே சில நாட்களில், அம்மா எழும்ப முன், அப்பாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வரம்புக்குப் போய்விடுவேன். காலைத் தண்ணீரில் விடுவதில்லை. நின்றபடியே இரண்டு பேருடன் கதைத்துவிட்டு, பூட்ஸைச் சேற்றோடு கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து அறைக்குள் இருப்பேன். மறுநாள் பார்த்தால் பூட்ஸ் கழுவிக் கவிழ்த்திருக்கும். அப்பா கழுவுகிறார் என்று நினைத்தேன்.

இந்த முறை விதைப்புத் தொடங்கியதும் பி.எச்.ஐ. ஐயா வந்தார். குளிசைப் பெட்டியைத் திறந்தபடி அதே கேள்வியைக் கேட்டார்.

"இந்த வீட்டில வயலுக்கு இறங்கிறது எத்தினை பேர்?"

அப்பா வாயெடுக்கமுன் குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ரெண்டு பேர் ஐயா."

ஐயா என் கழுத்தில் தொங்கிய ஹெட்செட்டைப் பார்த்தார். அம்மா தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தார்.

"பூட்ஸ் கழுவிறது நான்" என்றார். "குளிசையைக் குடி."

நான் விழுங்கி, வாயைத் திறந்து காட்டும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.